யார் துடைப்பது?

1779 அக்டோபரில் கல்கத்தாவில் வங்காள கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவர் மனைவியும் இசை நிகழ்ச்சிக்கும் இரவு விருந்துக்கும் அழைப்பு அனுப்பினார்கள். அதில் ஒரு வேண்டுகோள் இருந்தது: வேலையாட்களைக் கூட்டிவர வேண்டாம், ஹூக்காபர்தார் மட்டும் வரலாம். பரிமாற அந்த வீட்டிலேயே ஆட்கள் உண்டு. ஹூக்காவை மட்டும் அதற்கென்றே இருப்பவர்தான் தொட வேண்டும். தண்ணீர் மாற்றுவது, நீண்ட குழலைக் கழுவி உலர்த்துவது, பாகு சேர்த்துப் பிசைந்த புகையிலையை வைப்பது, கரி நெருப்பு அணையாமல் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. துரையின் பங்கு இழுப்பது மட்டும்தான்.

புகைக்கும் கருவியை யார் துடைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு தனி வரலாறு கிடைக்கிறது. ஹூக்காவை வேலையாள் துடைத்தார். பைப்பைப் புகைப்பவரே துடைத்தார். கிண்ணத்துக்குள் படியும் கரிப் பொருக்கைச் சுரண்ட ஒரு கத்தி, தண்டுக்குள் நுழைக்கப் பஞ்சு சுற்றிய கம்பி, ஈரம் காய ஒருநாள் ஓய்வு. பைப் பிடிப்பவர்களின் பெருமிதத்தில் பாதி இந்தச் சில்லறை வேலைகளில்தான் இருந்தது. சிகரெட் வந்தபோது துடைப்பதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கருவியே எரிந்து தீர்ந்துவிடுகிறது, அடிக்கட்டை செருப்புக்குக் கீழே போகிறது. கையால் சுருட்டும் தொழிலாளி நிமிடத்துக்கு நான்கைந்து சுருட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜேம்ஸ் பான்சாக் வடிவமைத்த இயந்திரம் 1884ல் வட கரோலினாவின் டர்ஹாமில், ட்யூக் குடும்பத்தின் சிகரெட் ஆலையில், பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகளைத் தள்ளியது. நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் அதற்கும் ஒருபடி மேலே போனார். தீப்பெட்டி வைத்துக்கொள்ளும் சிரமம்கூட வாடிக்கையாளருக்கு வேண்டாம் என்று கடை முகப்பில் கனலும் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார்.

என் கட்சி இதுதான்: பராமரிப்பு என்னும் தொல்லை புகைக்கு ஒரு தடையாக இருந்தது. விலை மலிந்தது, நெஞ்சு வரை இழுக்கத் தோதான மென்மையான புகையிலை வந்தது, விளம்பரம் வந்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் எப்போதெல்லாம் துடைக்கும் வேலை புகைப்பவர் கையைவிட்டுப் போனதோ அப்போதெல்லாம் புகை பெருகியிருக்கிறது.

மின்சிகரெட் இந்த வரிசையைக் குலைத்தது. நூற்றாண்டு காலமாக மறந்துபோன துடைக்கும் வேலையை அது திரும்பக் கொண்டுவந்தது.

பென்சில்வேனியாவின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பழைய இரும்பு வியாபாரத்தில் இருந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963லேயே புகையிலை இல்லாத, புகை இல்லாத சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு 1965ல் பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவர எவரும் முன்வரவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்துச் சீனாவின் ஷென்யாங் நகரில் மருந்தாளரான ஹோன் லிக் இதையே வேறு வழியில் செய்துகாட்டினார். அவரும் புகைப்பழக்கம் உள்ளவர். தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அவருடைய முதல் வடிவம் மீயொலி அதிர்வால் திரவத்தைத் திவலைகளாக்கியது. விரைவிலேயே சூடேறும் கம்பி அந்த இடத்தைப் பிடித்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் உள்ளது கம்பிதான்.

ஆரம்ப காலக் கருவிகள் சிகரெட்டைப் போலவே இருந்தன. வெள்ளை உடல், பழுப்பு முனை, இழுத்தால் நுனியில் ஒரு சிவப்பு விளக்கு. அந்த ஒல்லி உடலுக்குள் அடங்கும் பேட்டரி சீக்கிரமே தீர்ந்தது. திரவத்தைப் பிடித்துவைக்க உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. அதிலிருந்து உலோக வலை வழியே கம்பிக்குத் திரவம் கசிய வேண்டும். ஒன்று கசியாது, அல்லது வாய்க்கே கசிந்துவிடும். பயன்படுத்தியவர்கள் பொறுமை இழந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்கள். மீன்தொட்டி வடிகட்டிக்கான ஸ்பாஞ்சை வெட்டிச் செருகிப் பார்த்தார்கள். தேயிலைப் பைகளின் தாளைச் சுருட்டிச் செருகிப் பார்த்தார்கள். எதையும் உள்ளே வைக்காமல் இழுப்புக்கு இரண்டு மூன்று சொட்டு நேரே கம்பிமேல் விட்டுக்கொண்டவர்களும் உண்டு. சமையலறையிலும் மீன்தொட்டிக் கடையிலும் தொடங்கிய இந்தத் திருத்தங்கள்தான் வீட்டில் செய்யும் மின்சிகரெட்டுக்கு முதல் படி.

அடுத்த படி 2008ல் பிரிட்டனில். டெட் ராஜர்ஸ், மேட் ராஜர்ஸ் என்ற இருவர் டார்ச் லைட்டின் உடலுக்குள் பெரிய பேட்டரியைப் போட்டு, பல்பு இருந்த இடத்தில் சூடேற்றியைப் பொருத்தினார்கள். ஸ்க்ரூடிரைவர் என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குச் சிகரெட்டின் சாயலே இல்லை. இந்தத் துறையில் நடந்த பெரிய சிந்தனை மாற்றம் என்று இதைத்தான் சொல்வேன். எதற்கு மாற்றாக வந்ததோ அதைப் போலவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை ஒரு பொருள் கைவிடும்போதுதான் அதன் உண்மையான சிக்கல்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

குறைந்த பராமரிப்பில் ஓடும் ஒன்றை வீட்டு மேசையிலேயே வடிவமைக்க உட்கார்ந்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் மூன்று: மின்சாரம், சுவிட்ச், திரி. முதலாவது எளிதில் தீர்ந்தது. பழைய மடிக்கணினிப் பேட்டரிப் பெட்டிகளுக்குள் இருக்கும் 18650 வகை லித்தியம் அயான் மின்கலம் கிடைத்தது. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். ஒன்று போதும், நாளெல்லாம் ஓடும். ஆனால் ஆபத்தும் அதற்கேற்ற கனம். 2018ல் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மின்சிகரெட் வெடித்து ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் பதிவான முதல் இறப்பு அது. மின்னணுச் சுற்றே இல்லாமல் பேட்டரியையும் கம்பியையும் நேரடியாக இணைக்கும் செப்புக் குழாய்க் கருவிகளைச் சிலர் இன்றும் எளிமையின் உச்சம் என்று கொண்டாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லைதான். காப்பாற்றவும் எதுவும் இல்லை.

சுவிட்ச் விஷயம் சுவையானது. கம்பி வழியே நான்கைந்து ஆம்பியர் ஓடும். சிறிய பொத்தான் சுவிட்ச் ஒவ்வொரு அழுத்தலிலும் உள்ளே பொறி தட்டி, தொடுமுனைகள் கருத்து, கொஞ்ச நாளில் மக்கர் செய்யும். அனுபவமில்லாதவர் பெரிய சுவிட்சைத் தேடிப் போவார். தெரிந்தவர் ஒரு மாஸ்ஃபெட்டைச் சேர்ப்பார். கனமான மின்னோட்டம் அந்தச் சில்லு வழியே போகும். பொத்தான் அதற்குச் சைகை காட்டினால் போதும். உழைக்கும் பாகத்தையும் தேயும் பாகத்தையும் பிரித்துவைப்பது பராமரிப்பைக் குறைக்கும் பழைய தந்திரம். சால்டரிங் குச்சி பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை.

திரிதான் தீராத வழக்கு.

அகல் விளக்கில் எரிவது எண்ணெய்தான், திரியல்ல. எண்ணெய் வற்றிய பிறகே திரி கருகத் தொடங்கும். மின்சிகரெட்டிலும் அதே கணக்கு. திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பின்னது 290ஐ ஒட்டி. திரி நனைந்திருக்கும்வரை கம்பியின் சூடெல்லாம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கம்பி அதற்குமேல் அதிகம் ஏறாது. ஒரு மூலையில் ஈரம் வற்றிவிட்டால் அந்த இடத்தில் சூடு சரசரவென்று ஏறும். பஞ்சு கருகும். கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் என்ற நெடி பிறக்கும். தொண்டையில் யாரோ கீறியதைப் போலிருக்கும் அந்த இழுப்பை ஒருமுறை அனுபவித்தவர் மறப்பதில்லை.

திரிக்கு என்னென்ன போட்டுப் பார்த்தார்கள்! சிலிக்கா நூல் கருகாது, ஆனால் திரவத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். உடைந்த இழைகள் மூச்சோடு போகுமோ என்ற கவலையும் இருந்தது. துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கினார்கள். அதை முதலில் தீயில் காட்டி மேற்பரப்பில் ஆக்ஸைடு படலம் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் கம்பியோடு தொட்ட இடத்தில் குறுக்குச்சுற்று. அதைப் பக்குவப்படுத்துவதற்கே தனிப் பொறுமை வேண்டும். கடைசியில் பெரும்பாலோர் சாதாரணப் பஞ்சுக்கே வந்து சேர்ந்தார்கள். மலிவு, நன்றாக உறிஞ்சும், சில நாட்களில் கருகும், மாற்ற இரண்டு நிமிடம் ஆகும்.

இதில் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. எந்தப் பாகம் சாகவேண்டும் என்று வடிவமைப்பவர் தீர்மானித்துவிடுகிறார். எல்லாமே நீடித்து உழைக்கும் கருவி என்று ஒன்று கிடையாது. தேய்மானத்தை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். அதை மிக மலிவான, மிக எளிதில் மாற்றத்தக்க இடத்தில் இறக்கிவைப்பவரே கெட்டிக்காரர். அந்த வகையில் என்னைக் கவர்ந்தது அடியில் சிறு பிளாஸ்டிக் பாட்டில் கொண்ட டப்பா வடிவம். கண்ணாடித் தொட்டி இல்லை, ரப்பர் வளையங்கள் அதிகம் இல்லை. பாட்டிலை விரலால் அமுக்கினால் திரவம் மேலேறித் திரியை நனைக்கும், விட்டால் மிச்சம் கீழிறங்கும். மேல்மூடியைக் கழற்றினால் கம்பியும் பஞ்சும் கண்முன்னே இருக்கும். கருகிய பஞ்சை உருவிவிட்டுக் கம்பியை ஒரு நொடி சிவக்கவிட்டுச் சாம்பலைத் தட்டிக் கழுவினால் பழையபடி ஆகிவிடும். வேலையே வேண்டாத கருவி வேறு. வேலையைச் சுலபமாக்கித் தரும் கருவி வேறு. இது இரண்டாவது வகை.

கம்பியிலும் ஒரு கிளைக்கதை உண்டு. பலரும் சுற்றியது காந்தால் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பி. ஸ்வீடனில் உலைகளுக்காகப் பிறந்தது. எவ்வளவு சூடானாலும் அதன் மின்தடை ஏறக்குறைய மாறாது. உலைக்கு நல்ல குணம்தான். ஆனால் தான் எவ்வளவு சூடாக இருக்கிறேன் என்பதை அது யாருக்கும் சொல்லாது. நிக்கலும் டைட்டானியமும் துருப்பிடிக்காத எஃகும் அப்படியல்ல. சூடு ஏற ஏற அவற்றின் தடையும் ஏறும். அந்த மாற்றத்தை ஒரு சில்லு அளந்துகொண்டே இருந்தால், திரி வற்றிச் சூடு எகிறத் தொடங்கும்போதே மின்சாரத்தைக் குறைத்துவிடலாம். 2014ல் இவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 சில்லு இதைச் செய்தது. தனி உணரி எதுவும் சேர்க்காமல் கம்பியையே வெப்பமானியாக்கிய அந்த யோசனைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

வேடிக்கை என்னவென்றால், பராமரிப்பை மிகவும் குறைக்கும் ஒரே மாற்றம் கருவியில் இல்லை. திரவத்தில் இருக்கிறது. கேக், மாம்பழம், பஞ்சுமிட்டாய்ச் சுவைகளுக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகாது. கம்பிமேலேயே தங்கிக் கருஞ்சாந்தாய் இறுகும். இனிப்பில்லாத திரவத்தில் வாரக்கணக்கில் ஓடும் கம்பி, இனிப்பில் சில நாட்களில் செத்துவிடும். தெரிந்தும் இனிப்பை விடச் சம்மதித்தவர்கள் குறைவு. மாஸ்ஃபெட்டும் சில்லும் போட்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்தவர்கள் பஞ்சுமிட்டாயை மட்டும் தியாகம் செய்யத் தயாராக இல்லை!

கருகல் இழுப்பு ஆய்வுலகத்திலும் ஒரு சண்டையைக் கிளப்பியது. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள், 5 வோல்ட்டில் கணிசமாக உருவாகின்றன என்றார்கள். கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் மறுத்தார். திரி வற்றிய நிலையில்தான் அந்த அளவு வரும், பழகியவர்கள் அந்தச் சுவையை உடனே கண்டுகொண்டு நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் வாதம். அளக்கும் இயந்திரத்துக்கு இருமல் வராது. நாக்கு ஒரு பாதுகாப்புக் கருவி என்ற அளவில் ஃபார்சலினோஸ் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் புதிதாகப் பிடிப்பவரின் நாக்குக்கு எது கருகல், எது சுவையின் ஒரு பகுதி என்று தெரியுமா? அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அதோடு, கருகாத இழுப்பு ஆபத்தில்லாத இழுப்பு ஆகிவிடாது. நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன்பின் உடம்பு கை நீட்டத் தொடங்குகிறது. மேசைமேல் இருக்கும் டப்பாவைவிட அடிக்கடி நிரப்பக் கேட்பது அதைப் பிடித்திருப்பவரின் உடம்புதான்.

வீட்டுத் தயாரிப்பு என்றாலே வெகுளித்தனம் என்றும் நினைக்க வேண்டாம். 2019ல் அமெரிக்காவில் மின்சிகரெட் பிடித்து நுரையீரல் பாதிப்போடு ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணியாகத் தெரியவந்தது விட்டமின் இ அசிடேட். கள்ளச் சந்தையில் கஞ்சாச் சத்துக் குப்பிகளைக் கெட்டியாகக் காட்டக் கலந்த எண்ணெய்ப் பொருள். சருமக் களிம்பில் சாதுவாக இருப்பது நெஞ்சுக்குள் போனால் சாதுவாக இருக்கும் என்று யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து நினைத்திருக்கிறார்.

சட்டங்கள் இந்த மேசைகளை 2016ல் எட்டின. மின்சிகரெட்டுகளையும் புகையிலைப் பொருளாகக் கருதும் அமெரிக்க விதி ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. புதிய கருவியை விற்க முன்னனுமதி வேண்டும் என்றதும், கார் ஷெட்டில் மரத்தைக் கடைந்து பத்திருபது டப்பாக்கள் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு வழி அடைபட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தொட்டியின் கொள்ளளவை 2 மில்லிலிட்டருக்கும் நிகோடினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கட்டுப்படுத்தியது. தொட்டியைச் சிறியதாக்கினால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும். அறிந்தோ அறியாமலோ, பழைய தொல்லையைச் சட்டம் வேலைக்கு அமர்த்தியது.

தொழில் அதற்குள் வேறு திசையில் போய்விட்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் தயாரிப்பு வடிவமைப்புப் படித்த ஜேம்ஸ் மான்சீஸும் ஆடம் போவனும் 2005ல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது, பத்து ஆண்டுகளில் ஜூல் என்ற மின்சிகரெட் ஆனது. பொத்தான் இல்லை, நிரப்ப வேண்டாம், கம்பி கண்ணுக்கே தெரியாது. 0.7 மில்லிலிட்டர் திரவம் அடைத்த சிமிழ், தீர்ந்தால் தூக்கிப்போட்டு அடுத்தது. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக்கியதால், மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்ற கடுமையான அளவும் தொண்டையை உறுத்தவில்லை. மல்டிமீட்டரும் பஞ்சும் வைத்துக்கொண்டு ஓம் கணக்குப் போட்ட நடுவயதுக்காரர்களின் பொழுதுபோக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் குறைவாகத்தான் இருந்தது. ஜூலில் கற்க எதுவும் இல்லை. 2019ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின்சிகரெட் பிடித்ததாகத் தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. சுவைகளுக்கும் விளம்பரத்துக்கும் இதில் பங்குண்டு. துடைக்க ஒன்றும் இல்லாமல் போனதற்கு உரிய பங்கைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து வந்தது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. 2 மில்லிலிட்டர் விதிக்குள் கச்சிதமாக அடங்கியது. நிரப்ப முடியாது, மின்னேற்ற முடியாது, திறக்கவே முடியாது. பான்சாக் இயந்திரம் புகையிலையில் செய்ததை இது லித்தியத்தில் செய்தது. 2023ல் பிரிட்டனில் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் குப்பைக்குப் போயின. துடைக்கும் வேலை இப்போது துப்புரவுப் பணியாளர் தலையில். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பதும் அவர்கள்தான். ஹேஸ்டிங்ஸ் காலத்து ஹூக்காபர்தாருக்கு விருந்து மண்டபத்துக்குள் வரவாவது அனுமதி இருந்தது.

இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் ஆண்டு முடிவதற்குள் முழுச் சட்டமும் வந்தன. விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மட்டுமல்ல, தயாரிப்பும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் டப்பாவில் துளைபோட உட்காரவேண்டாம். அதே சட்டம் பீடியையும் சிகரெட்டையும் தொடவில்லை. அவை நம் தெருமுனைகளில் வழக்கம்போல் கிடைக்கின்றன, பராமரிப்பு ஏதும் கேட்காமல்.

பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறைக் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது. விற்கவேண்டுமானால் மின்னேற்ற முடியவேண்டும், நிரப்ப முடியவேண்டும், கம்பிச் சுருளை மாற்ற முடியவேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் டார்ச் லைட்டோடு மல்லுக்கட்டியவர்களின் விருப்பப் பட்டியல் அப்படியே அரசிதழில் ஏறிவிட்டது. நிறுவனங்கள் என்ன செய்யும் என்று ஊகிப்பது கடினமல்ல. அடியில் மின்னேற்றும் துளை ஒன்றும் கழற்றத்தக்க சிமிழ் ஒன்றும் சேர்த்துவிட்டு, பழைய விலையை ஒட்டியே விற்றால், வாங்குபவர் பழையபடியே எறிவார். மாற்ற முடியும் என்பதும் மாற்றுவார் என்பதும் ஒன்றல்ல. பஞ்சை உருவிப் பழகிய கைக்குத்தான் அது வேலையாகத் தெரியாது.

எறிந்தவற்றைப் பொறுக்குபவர்கள் இதற்கிடையே வந்துவிட்டார்கள். அந்தக் கருவிகளுக்குள் இருப்பது மறுபடி மறுபடி மின்னேற்றத்தக்க அதே லித்தியம் அயான் மின்கலம்தான். ஏற்றுவதற்கான வழியை மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023ல் சோதித்தபோது 450க்கும் அதிகமான தடவை ஏற்றி இறக்கியும் அவை கொள்ளளவைப் பெரிதாக இழக்கவில்லை. இப்போது சிலர் தெருவில் கிடப்பதையும் கடைகளின் சேகரிப்புப் பெட்டிகளில் குவிவதையும் வாங்கிவந்து, உடலைப் பிளந்து, பிசுபிசுத்த பஞ்சைக் கையுறையோடு அகற்றி, மின்கலங்களைத் துடைத்து வரிசையாக அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து, மின்னழுத்தம் மிகவும் இறங்கிப்போனவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கொள்ளளவு வாரியாகப் பிரித்து இணைக்கிறார்கள். செல்பேசிக்கு ஏற்றும் பெட்டி, மேசை விளக்கு, மின்சைக்கிள் பேட்டரி என்று ஏதேதோ உருவாகின்றன. ஒரு சைக்கிளுக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும், துடைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.